எரிகோவில் நான் காட்டிய தப்பான மதில்

போன பயணத்தில் எரிகோ மேட்டில் ஏறிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் இன்னொரு தமிழ்க் குழு நின்றிருந்தது. நடத்தி வந்த தம்பிக்கு முப்பது வயதுகூட இருக்காது. ஒரு கையில் மைக், அக்குளில் வேதாகமம். அகழாய்வுக் குழிக்குள் தெரிந்த மண்செங்கல் சுவரைக் காட்டி, "யோசுவா காலத்தில் இடிந்து விழுந்த மதில் இதுதான், எல்லாரும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். எனக்கு அடிவயிற்றைப் பிசைந்தது. கிட்டத்தட்ட அதே வார்த்தைகளை என் முதல் பயணத்தில் நானும் சொல்லியிருக்கிறேன்.

சபையாரை வேதாகம இடங்களுக்குக் கூட்டிப்போய், அங்கேயே நின்று பாடம் நடத்த ஆசைப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பாஸ்போர்ட், தொப்பி, தண்ணீர் பாட்டில் விஷயமெல்லாம் ஏஜெண்ட் சொல்லிவிடுவார். கீழே உள்ள ஒவ்வொரு தலைப்பும் அப்படி நடத்துகிறவர்கள் செய்யும் ஒரு தவறு.

கல்லைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவது

1930களில் எரிகோவைத் தோண்டிய ஜான் கார்ஸ்டாங், இடிந்து கிடந்த ஒரு மதிலைப் பார்த்து இது யோசுவாவின் மதில் என்று அறிவித்தார். உலகமெங்கும் ஞாயிறு பள்ளிப் பாடங்களில் அது ஏறிவிட்டது. அப்புறம் 1952 முதல் 1958 வரை காத்லீன் கென்யன் அதே மேட்டை அடுக்கடுக்காக வெட்டிப் பார்த்தார். அந்த மதில் யோசுவாவுக்கு ஏறக்குறைய ஆயிரம் வருஷம் மூத்தது. பிற்பாடு அங்கே இருந்த நகரமும் யோசுவாவுக்கு முன்பே, கி.மு. 1550 வாக்கிலேயே எரிந்து அழிந்துவிட்டது என்று அவர் முடிவு சொன்னார். அந்த நகரத்தின் அழிவைக் கி.மு. 1400க்குக் கொண்டுவந்து வாதாடுகிறவர்களும் இருக்கிறார்கள், ஆனால் துறையில் பெரும்பாலோர் கென்யன் பக்கம்தான். நான் படித்துவிட்டுப் போனதோ கென்யனுக்கு முந்தைய ஒரு பழைய புத்தகம். அதையே நோட்டில் எழுதிக்கொண்டு போய், மைக்கில் முழங்கினேன்.

எங்கள் குழுவில் பாட்டிக்குத் துணையாக ஒரு கல்லூரிப் பையன் வந்திருந்தான். பஸ்ஸில் போனைப் பார்த்துக்கொண்டே வந்தவன் ராத்திரி சாப்பாட்டில் மெதுவாகக் கேட்டான்: "சார், அந்தச் சுவர் ஆயிரம் வருஷம் முந்தினதுன்னு போட்டிருக்கே?" நல்ல கேள்வி. நானோ, "விசுவாசத்தோட பாக்கணும் தம்பி" என்று அவன் வாயை அடைத்தேன். தப்பான சுவரைக் காட்டியதைக்கூட மன்னித்துவிடலாம், இந்தப் பதிலை இன்றைக்கு நினைத்தாலும் என்மேலேயே எரிச்சல் வருகிறது.

அதற்கான விலை மறுநாள்தான் தெரிந்தது. எருசலேமில் எசேக்கியாவின் சுரங்கம். 533 மீட்டர் நீளம், பாறையைக் குடைந்தது, இன்றும் உள்ளே தண்ணீர் ஓடுகிறது. இரண்டு முனையிலிருந்தும் வெட்டிக்கொண்டு வந்த ஆட்கள், நடுவில் எதிர்ப்பக்கத்தாரின் குரலைக் கேட்டுச் சந்தித்ததாகச் சொல்லும் எபிரெயக் கல்வெட்டு 1880இல் உள்ளேயே கிடைத்தது. இப்போது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எசேக்கியா ராஜா தண்ணீரை நகரத்துக்குள் வரவழைத்தான் என்று 2 இராஜாக்கள் 20:20 சொல்கிறது. வசனமும் இடமும் இவ்வளவு நன்றாகப் பொருந்துவது அபூர்வம். முழங்கால் தண்ணீரில் நின்றபடி டார்ச்சை அடித்து இதையெல்லாம் சொல்லி முடித்தேன். இருட்டில் பின்னாலிருந்து அவன் குரல் வந்தது: "இதாவது நிஜமா சார்?" நாலைந்து பேர் சிரித்தார்கள். அவனைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை.

இப்போது நான் மூன்று விதமாக மட்டுமே பேசுகிறேன்: 'கிடைத்திருக்கிறது', 'பெரும்பாலோர் கருதுகிறார்கள்', 'பரம்பரையாகச் சொல்லி வருகிறார்கள்'. 1961இல் செசரியாவில் பிலாத்துவின் பெயர் பொறித்த கல் கிடைத்திருக்கிறது. அவன் யூதேயாவை ஆண்ட அதிகாரி என்பதற்கு அது ஆதாரம், இயேசுவை விசாரித்த கதைக்கு அல்ல. தேல் தாணில் 1993இல் கிடைத்த அரமேயக் கல்வெட்டில் 'தாவீதின் வீடு' என்று இருப்பதாகப் பெரும்பாலோர் வாசிக்கிறார்கள். ஒரு ராஜவம்சம் அந்தப் பெயரால் அறியப்பட்டது என்பது தெரிகிறது, கோலியாத்தைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. கப்பர்நகூமில் எல்லாரும் சாய்ந்து படம் எடுக்கும் வெள்ளைத் தூண்கள் இயேசுவுக்குச் சில நூற்றாண்டுகள் பிந்திய ஜெப ஆலயத்தினுடையவை. அவற்றுக்கு அடியில் இருக்கும் கறுப்புக்கல் அஸ்திவாரம் அவர் காலத்து ஆலயத்தினுடையதாக இருக்கலாம். குனிந்து அந்தக் கறுப்புக்கல்லைக் காட்டுங்கள்.

இயேசுவை அடக்கம் பண்ணின இடம் என்று பலர் நம்பும் எருசலேமின் தோட்டக் கல்லறையில் எங்கள் ஆட்கள் அழுவார்கள். அழட்டும், நானும் அழுதிருக்கிறேன். ஆனால் அந்தக் கல்லறை இயேசுவுக்குப் பல நூற்றாண்டுகள் முந்தி, யூதாவின் ராஜாக்கள் காலத்தில் வெட்டப்பட்டது என்று தொல்லியலாளர் காபிரியேல் பர்காய் காரணங்களோடு காட்டியிருப்பதை முந்தின ராத்திரியே சொல்லிவிடுகிறேன். முதல் தடவை சொன்னபோது ஒரு அம்மா என்னோடு அரைநாள் பேசவில்லை. மறுநாள் அங்கே போய் எல்லாரையும்விட அதிக நேரம் உட்கார்ந்திருந்ததும் அவர்தான்.

ஊசிக்காது வாசல்

ஊசியின் காதில் ஒட்டகம் நுழைவதைப் பற்றி இயேசு சொன்னது ஒரு சின்ன வாசலைத்தான் என்று சிலர் விளக்குவார்கள். ஒட்டகம் முட்டிபோட்டு நுழையும் அப்படியொரு வாசல் எருசலேமில் இருந்ததற்கு ஆதாரம் கிடையாது. விட்டுவிடுங்கள்.

விமானம் ஏறிய பிறகு பாடம் ஆரம்பிப்பது

ஊர்மேல் ஊர் எழும்பி உண்டான மண்மேடு என்றால் என்ன என்று தெரியாமல் வந்தவருக்கு, அப்படிப்பட்ட மேடான மெகிதோ ஒரு வெயில் குன்றுதான். திருநெல்வேலிப் பக்கத்துக் குழு என்றால் புறப்படுவதற்கு முன்னால் ஒருநாள் ஆதிச்சநல்லூர் பரம்புக்குக் கூட்டிப்போகிறேன். எரிகோ மாதிரி ஊர்மேல் ஊர் எழும்பிய மேடு இல்லை அது, தாழி புதைத்த இடம். இருந்தாலும் வெட்டிய குழியை நேரில் பார்த்தவர்களுக்கு, கீழே இருப்பது மூத்தது, மேலே இருப்பது இளையது என்பதைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. அதன் பிறகு மெகிதோவில் கைடு 'இருபதுக்கு மேற்பட்ட அடுக்குகள்' என்று சொல்லும்போது கொட்டாவி வருவதில்லை, கேள்விதான் வருகிறது.

ஒரே நாளில் ஏழு இடம்

நாலாவது இடத்தில் பாதிப்பேர் பஸ்ஸைவிட்டு இறங்க மாட்டார்கள். மூன்று போதும்.

ஓட்டாஞ்சில்லு

அகழாய்வு மேடுகளில் கிடக்கும் பழைய பானைச் சில்லுகளை ஞாபகத்துக்கென்று எடுக்காதீர்கள். சட்டப்படி குற்றம்.

நினைத்த இடத்தில் பாடுவது

பெதஸ்தா குளத்தை ஒட்டியுள்ள புனித அன்னாள் ஆலயத்தில் பாடுங்கள், குரல் கல்வளைவுகளில் சுற்றித் திரும்பி வரும், நாலு பேர் பாடினால் நாற்பது பேர் பாடுகிற மாதிரி இருக்கும். முந்திப் போன குழு முடிக்கும்வரை காத்திருங்கள். கல்லறைத் திருச்சபையில், மற்றவர்கள் ஆராதனை நடத்தும்போது நம் கீர்த்தனையைத் தூக்கிப்பிடிப்பது மரியாதைக் குறைவு.

கோபுரத்தைத் தவறவிடுவது

எரிகோவில் கீழே இறங்கியதும், பேரீச்சம்பழம் வாங்கிக்கொண்டிருந்த அந்தத் தம்பியிடம் பேச்சுக் கொடுத்தேன். என் கதையை முழுதாகச் சொன்னேன். முகம் வாடிவிட்டது. "அண்ணே, அப்போ அந்தச் சுவத்துக்கு முன்னால நின்னு என்ன சொல்றது?" என்றார். "மொதல்ல சுவத்த விடுங்க தம்பி. குழிக்குள்ள ஒரு கல்கோபுரம் இருக்கு, எட்டு மீட்டருக்கு மேல உயரம், சுமார் பத்தாயிரம் வருஷப் பழசு. ஆபிரகாமுக்கு எத்தனையோ ஆயிரம் வருஷம் முந்தி இங்க ஆள் கட்டியிருக்கான். அதுலேர்ந்து ஆரம்பிங்க" என்றேன்.

எந்தக் கோபுரம் என்று கேட்டுத் திரும்பி மேட்டைப் பார்த்தார். அவருடைய குழு அதற்குள் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தது, டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.