எத்தனை ரன்னில் ஜெயிக்கணும், எத்தனை ஓவரில் அடிக்கணும்: நெட் ரன் ரேட் கணக்கை நீங்களே போடும் வழி

மே மாதம் பிறந்துவிட்டால் ஐபிஎல் ரசிகர்கள் நாலு பேர் கூடும் இடத்தில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. "எத்தனை ரன்ல ஜெயிச்சா உள்ள போவோம்?" என்று ஒருவர் கேட்பார், அதாவது பிளே ஆஃப் எனும் இறுதிக் கட்டத்துக்குள். "18" என்பார் ஒருவர், "இல்லப்பா, 35" என்பார் இன்னொருவர். இருவருமே எங்கோ பார்த்ததைச் சொல்வார்களே தவிர, கணக்குப் போட்டிருக்க மாட்டார்கள். இதற்கு டிவியில் படம் காட்டும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பாயின்ட்ஸ் டேபிளும் போனில் உள்ள கால்குலேட்டரும் இருந்தால், இரண்டு நிமிடத்தில் ஒரு ரன் முன்பின்னாக விடை கிடைத்துவிடும்.

அடிப்படை இதுதான். தொடர் முழுக்க ஓர் அணி எடுத்த மொத்த ரன்னை, அது ஆடிய மொத்த ஓவரால் வகுக்கவும். அதே அணி கொடுத்த மொத்த ரன்னை, வீசிய மொத்த ஓவரால் வகுக்கவும். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் நெட் ரன் ரேட். புள்ளி சமமாக நிற்கும் அணிகளில் யார் மேலே என்று பார்க்க இது உதவுகிறது. ஒவ்வொரு மேட்சுக்கும் தனித்தனியாகப் போட்டுச் சராசரி எடுப்பது தவறு. எல்லாவற்றையும் கூட்டிய பிறகுதான் வகுக்க வேண்டும்.

கணக்கு வழுக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, ஓவரின் புள்ளி. 18.1 ஓவர் என்றால் 18 ஓவரும் ஒரு பந்தும். கால்குலேட்டரில் அதை 18.1 என்று தட்டக்கூடாது. ஒன்றை ஆறால் வகுத்து 18.167 என்று தட்ட வேண்டும். 18.4 என்றால் 18.667. இரண்டாவது, ஆல் அவுட். 15 ஓவரில் 120-க்குச் சுருண்ட அணியின் ரேட் 8 அல்ல. ஆல் அவுட்டானால் முழு 20 ஓவரும் ஆடியதாகவே கணக்கு, ஆகவே அது 6. எதிரணிக்கும் முழு 20 ஓவர் வீசியதாகவே எழுதப்படும். முடிவில்லாமல் கைவிடப்பட்ட மேட்ச் இதில் சேராது. சூப்பர் ஓவர் ரன்னும் சேராது.

குறுக்கு வழி

மொத்த ரன்னையும் மொத்த ஓவரையும் தேடி எடுத்துப் போடுவதுதான் முழுக் கணக்கு. ஆனால் மேட்ச் ஓடிக்கொண்டிருக்கும்போது அதற்கு நேரம் இராது. 2024 மே 18 அன்று பெங்களூரு சின்னசாமி மைதானத்தில் நடந்த ஆர்சிபி (பெங்களூரு)–சிஎஸ்கே (சென்னை) மேட்சை வைத்துக் குறுக்கு வழியைப் பார்ப்போம். இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

அந்த மேட்சுக்கு முன் இரு அணியும் 13 மேட்ச் ஆடியிருந்தன. சிஎஸ்கேவுக்கு 14 புள்ளி, நெட் ரன் ரேட் +0.528. ஆர்சிபிக்கு 12 புள்ளி, ரேட் +0.387. ஆர்சிபி ஜெயித்தால் இருவருக்கும் 14 புள்ளி, ஆளுக்கு 7 வெற்றி. பிறகு ரேட்தான் தீர்மானிக்கும்.

முதல் படி: நெட் ரன் ரேட்டை, ஆடிய மேட்ச் எண்ணிக்கையாலும் 20-ஆலும் பெருக்கவும். அணியின் கையில் எத்தனை ரன் இருப்பு என்பது தெரியும்.

சிஎஸ்கே: 0.528 × 13 × 20 = 137.3
ஆர்சிபி: 0.387 × 13 × 20 = 100.6

இரண்டாம் படி: இடைவெளியைப் பார்க்கவும். 36.7 ரன். ஆர்சிபி ஒவ்வொரு ரன் அதிகமாக ஜெயிக்கும்போதும் அதன் இருப்பில் ஒன்று கூடும், சிஎஸ்கே இருப்பில் ஒன்று குறையும். ஆகவே இடைவெளி ஒரு ரன்னுக்கு இரண்டாகச் சுருங்கும். 36.7-ஐ இரண்டால் வகுத்தால் 18.3.

அன்று ஆர்சிபிக்குத் தேவைப்பட்டது 18 ரன் வெற்றி. நம் குறுக்குக் கணக்கு அதற்கு அரை ரன் தூரத்தில் நிற்கிறது. சேஸ் சீக்கிரம் முடிந்த மேட்சுகளில் 20 ஓவர் ஆகியிருக்காது, நாமோ எல்லாவற்றையும் 20 என்று எடுத்துக்கொண்டோம், வித்தியாசம் அதனால்தான். எனவே பேச்சில் "18, 19 கிட்ட வரும்" என்று சொல்லுங்கள். அடித்துச் சொல்ல வேண்டுமானால் முழுக் கணக்கைப் போட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

"35" என்று சொல்பவர் எங்கே தவறுகிறார் என்பதும் இங்கே தெரிந்துவிடும்: அவர் இரண்டால் வகுக்க மறந்திருப்பார். அதே சமயம், போட்டியிடும் இரு அணியும் நேருக்கு நேர் மோதினால் மட்டுமே இரண்டால் வகுக்கலாம். வேறு வேறு எதிரிகளோடு ஆடினால் இடைவெளி முழுவதையும் ஒரே அணிதான் அடைக்க வேண்டும், மற்ற அணி என்ன செய்யும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முதல் இன்னிங்ஸ் முடிந்ததும் இந்த விடையை இலக்காக மாற்றிவிடுங்கள். ஆர்சிபி 218 எடுத்தது. சிஎஸ்கே ஜெயிக்க 219. ஆனால் 17 ரன்னில் தோற்றாலும் உள்ளே போகலாம், ஆகவே பிளே ஆஃபுக்கு 201 போதும். ஒரே சேஸில் இரண்டு இலக்கு. இது தெரியாதவருக்குக் கடைசி ஓவர், 35 ரன் தேவைப்படும் செத்த ஓவர். தெரிந்தவருக்கு அது 17 ரன் ஓவர். யஷ் தயாள் வீசிய முதல் பந்தை தோனி சிக்ஸர் அடித்தார், அடுத்த பந்தில் அவுட். அதன்பின் ஒரே ஒரு ரன்தான் வந்தது. 191-இல் நின்று, 27 ரன் தோல்வி.

மேட்ச் முடிந்ததும் சரிபார்க்கலாம். சிஎஸ்கே: (137.3 − 27) ÷ 280 = 0.394. டேபிளில் வந்தது 0.392. ஆர்சிபி: (100.6 + 27) ÷ 280 = 0.456. டேபிளில் 0.459. இவ்வளவு நெருக்கமாக வரும் என்பதால்தான் இந்த வழியை நம்பலாம்.

சேஸ் செய்யும் அணிக்கு

இரண்டாவது பேட்டிங் என்றால் ரன் வித்தியாசம் கிடையாது, மிச்சம் பிடித்த பந்துதான் காசு. ஒரு பந்துக்கு எத்தனை ரன் மதிப்பு? அந்த மேட்சின் ரேட்டை எடுப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. எடுக்க வேண்டியது அந்த அணியின் தொடர் முழுக்க உள்ள ரன் ரேட். ஏனென்றால் மிச்சமான ஓவர், 13 மேட்ச் ஓவரும் சேர்ந்த பெரிய மொத்தத்திலிருந்துதான் கழிகிறது.

அணி ஓவருக்கு 9.6 ரன் எடுத்து வந்திருந்தால், ஒரு பந்து மிச்சம் என்பது 1.6 ரன். 18 ரன்னை 1.6-ஆல் வகுத்தால் பதினொன்றேகால். ஆர்சிபி அன்று சேஸ் செய்திருந்தால் சுமார் 18.1 ஓவரில், அதாவது 11 பந்து மீதம் வைத்து, முடிக்க வேண்டும் என்று பேசப்பட்டது இப்படி வந்ததுதான்.

குறைந்த ஸ்கோர் மேட்சில் இதன் வீச்சு தெரியும். எதிரணி 120 எடுக்க, நீங்கள் 14 ஓவரில் 121 அடித்துவிட்டீர்கள். 36 பந்து மிச்சம், 36 × 1.6 = 57.6, வெற்றி ரன் ஒன்றும் சேர்த்து 58-க்கு மேல். முதலில் ஆடி 58 ரன்னில் ஜெயித்ததற்குச் சமம். அந்த மேட்சின் ரேட்டை வைத்துப் பார்த்திருந்தால் 53 என்றுதான் வந்திருக்கும்.

சின்னத் தொடரில் முழுக் கணக்குதான்

மூன்று அணி, ஆளுக்கு இரண்டு மேட்ச் என்றால் குறுக்கு வழியைத் தொடவே வேண்டாம். ஒவ்வொரு பந்திலும் ரேட் பெரிதாக ஆடும். அதோடு இன்னொன்றும் சேர்கிறது: வெற்றி ஷாட் சிக்ஸராகப் போனால் ஆறு ரன்னும் கணக்கில் வரும். எனவே "இத்தனை ஓவருக்குள்" என்று ஒரே ஒரு எண் இருக்காது. அதை மறந்ததன் விலை 2023 செப்டம்பர் 5 அன்று லாகூரில் தெரிந்தது.

ஆசியக் கோப்பை, இலங்கை 291. ஆப்கானிஸ்தான் 37.1 ஓவரில் 292 எடுத்தால் அடுத்த சுற்று. 37 ஓவர் முடிவில் 8 விக்கெட்டுக்கு 289. ஒரு பந்தில் மூன்று ரன் வேண்டும். முஜீப் தூக்கி அடித்து கேட்ச் ஆனார். எல்லாம் முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். முடியவில்லை. அடுத்த மூன்று பந்தில் எதில் சிக்ஸர் போயிருந்தாலும் 295. 37.4 ஓவரில் 295 என்று வைத்துப் போட்டுப் பாருங்கள் (ஒவ்வொரு கூட்டலிலும் முதல் எண், அந்த அணி வங்கதேசத்துடன் ஆடிய மேட்சில் வந்தது):

ஆப்கானிஸ்தான் எடுத்தது: 245 + 295 = 540. ஓவர் 50 + 37.667 = 87.667. ரேட் 6.160. (வங்கதேசத்திடம் 44.3 ஓவரில் ஆல் அவுட், அதனால் 50.)
கொடுத்தது: 334 + 291 = 625, 100 ஓவர். ரேட் 6.250. நெட் −0.090.

இலங்கை எடுத்தது: 165 + 291 = 456. ஓவர் 39 + 50 = 89. ரேட் 5.124.
கொடுத்தது: 164 + 295 = 459, 87.667 ஓவர். ரேட் 5.236. நெட் −0.112.

ஆப்கானிஸ்தான் மேலே. ஆனால் பதினொன்றாவதாக வந்த ஃபரூக்கி இரண்டு பந்தைத் தடுத்தாடினார், மூன்றாவதில் எல்பிடபிள்யூ. மறுமுனையில் ரஷித் கான் 27 நாட் அவுட். ஒரு சிங்கிள் எடுத்து அவரிடம் கொடுத்திருந்தால்கூட வழி இருந்தது. இந்தக் கணக்கு தங்களுக்குச் சொல்லப்படவில்லை என்று பிறகு பயிற்சியாளர் ஜோனதன் ட்ராட் சொன்னார். ரசிகர்கள் இன்றும் இதைப் பேசி மாய்கிறார்கள்; நியாயமான ஆற்றாமைதான்.

இப்படிப்பட்ட மேட்சில் இடைவேளையிலேயே ஒரு பட்டியல் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அன்றைய பட்டியல் இது:

292 என்றால் 37.1 ஓவருக்குள்
293 என்றால் 37.2
294 என்றால் 37.3
295 என்றால் 37.5
296 என்றால் 38
297 என்றால் 38.1

297-க்கு மேல் போக வழியில்லை. ஸ்கோர் சமமாக 291-இல் நிற்கும்போது சிக்ஸர் அடித்தால் வருவது அதுதான்.

வாயைத் திறப்பதற்கு முன்

ரேட்டுக்கு முன் புள்ளியையும் வெற்றி எண்ணிக்கையையும் பாருங்கள். ஐபிஎல்லில் புள்ளி சமமானால் முதலில் வெற்றி எண்ணிக்கை, பிறகுதான் ரேட். 2024-இல் ஹைதராபாத்துக்கும் ராஜஸ்தானுக்கும் 17 புள்ளி, 8 வெற்றி. அங்கே எல்லாம் சமம் என்பதால் ரேட் பேசியது, +0.414 வைத்திருந்த ஹைதராபாத் இரண்டாமிடம். இருவருக்கும் ஒரு மேட்ச் மழையில் போனது, ஆகவே வகுக்க வேண்டியது 14 மேட்சால் அல்ல, 13-ஆல்.

மழை வந்து ஓவர் குறைந்தால் போட்டு வைத்த பட்டியலைக் கிழித்துவிட வேண்டியதுதான். டக்வொர்த் லூயிஸ் ஸ்டெர்ன் முறையில் இலக்கு மாறினால், முதலில் ஆடிய அணி உண்மையில் எடுத்த ரன்கள் நெட் ரன் ரேட் கணக்கில் சேராது. புதிய இலக்கில் ஒன்று குறைத்து, இரண்டாவது அணிக்குக் கொடுத்த ஓவரில் அதை எடுத்ததாக எழுதுவார்கள். 20 ஓவரில் 180 அடித்த அணிக்கு எதிராக 12 ஓவரில் 125 இலக்கு என்று வைத்தால், அந்த அணியின் கணக்கில் சேர்வது 12 ஓவரில் 124. முதலில் இதை மாற்றிவிட்டு, பிறகு மேலே சொன்ன படிகளைத் தொடங்குங்கள்.