பிஎச் 5 அசிட்டேட் தாங்கல் கரைசலைத் தயாரிக்கும் முறை

அமிலமோ காரமோ சிறிது சேர்ந்தாலும் தன் பிஎச்சை, அதாவது குறையக் குறைய அமிலத்தன்மை கூடுவதைக் காட்டும் அளவை, பெரிதும் மாறவிடாத கரைசலே தாங்கல் கரைசல். அமிலத்தின் வலிமையையும் செறிவையும் ஒன்றெனக் கொள்வதே இப்பாடத்தில் பலருக்கும் நேரும் முதல் பிழையாகும். ஒரு லிட்டரில் எத்தனை மோல் அமிலம் உள்ளது என்பது செறிவு. கரைந்ததில் எத்தனை பங்கு அயனிகளாகப் பிரிகிறது என்பது வலிமை. தோலைப் பொசுக்கிவிடும் கிளேசியல் (ஏறத்தாழ நீர் கலவாத) அசிட்டிக் அமிலமும் வேதியியல் கணக்கில் வலிமை குறைந்ததுதான். அதன் 0.1 மோலார் (லிட்டருக்கு 0.1 மோல்) கரைசலில் ஏறத்தாழ 1.3 விழுக்காடே பிரிவதால் பிஎச் 2.9 அளவில் நிற்கிறது.

இக்கரைசலில் சோடியம் அசிட்டேட்டையும் 0.1 மோலார் அளவுக்குக் கரைத்தால், உப்பிலிருந்து வரும் அசிட்டேட் அயனி அமிலத்துக்கும் பொதுவானது என்பதால், சமநிலை பிரியாத அமிலத்தின் பக்கம் நகர்ந்து, பிரிகை 0.02 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. பொது அயனி விளைவு என்பது இதுவே. இப்போது கரைசலில் பிரியாத அமிலமும் அசிட்டேட்டும் நிறைய உள்ளன. வெளியிலிருந்து வரும் காரத்தை முன்னதும் அமிலத்தைப் பின்னதும் ஏற்றுக்கொள்கின்றன.

தேவையான பிஎச்சுக்கு ஒரு அலகுக்குள் பிகேஏ (அமிலம் பாதியளவு பிரிந்திருக்கும் பிஎச்) மதிப்புடைய அமிலத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும். அசிட்டிக் அமிலத்தின் பிகேஏ 4.76. பிஎச் என்பது பிகேஏவுடன், உப்பு–அமில விகிதத்தின் மடக்கையைக் கூட்டியதற்குச் சமம் என்ற ஹெண்டர்சன்–ஹாசல்பால்க் சமன்பாட்டின்படி, பிஎச் 5க்கு மடக்கை 0.24, விகிதம் 1.74. மொத்தச் செறிவு 0.1 மோலார் என்றால், ஒரு லிட்டருக்கு 0.0635 மோல் உப்பும் 0.0365 மோல் அமிலமும் தேவை.

மூன்று நீர்மூலக்கூறுகள் கொண்ட சோடியம் அசிட்டேட் 8.64 கிராமை எடைபோட்டு, சுமார் 800 மில்லிலிட்டர் காய்ச்சி வடித்த நீரில் கரைக்கவும். புட்டியின் லேபிளைப் படிக்காமல் எடைபோடக் கூடாது: நீரற்ற உப்புக்குரிய 5.21 கிராமை இவ்வுப்பில் எடுத்தால் கணக்குப்படி பிஎச் 4.78 ஆகிவிடும். பிறகு, புகைபோக்கிப் பெட்டிக்குள் கையுறையுடன் 2.1 மில்லிலிட்டர் கிளேசியல் அசிட்டிக் அமிலத்தைச் சேர்க்கவும்.

பிஎச் 4, 7 ஆகிய நியமக் கரைசல்களால் சரிபார்த்த பிஎச் மானியை இப்போது இறக்கினால், பெரும்பாலும் 5க்குச் சற்றுக் கீழேதான் காட்டும். அது எடைப் பிழையன்று. அயனிகளிடையே உள்ள ஈர்ப்பை எளிய சமன்பாடு கணக்கில் கொள்வதில்லை. 1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடைச் சிறிது சிறிதாக விட்டு 5க்குக் கொண்டுவந்த பின்னரே, திட்டக் குடுவையில் ஒரு லிட்டர் குறிவரை நீர் சேர்க்கவும். பிஎச் 5ஐத் தாண்டிவிட்டால் அமிலம், மீண்டும் காரம் என்று மாற்றி மாற்றி ஊற்றுவதைவிடப் புதிதாகத் தொடங்குவதே மேல், ஏனெனில் ஒவ்வொரு திருத்தமும் உப்பின் அளவைக் கூட்டிக்கொண்டே போகும்.

சோதித்துப் பார்க்க விரும்புவோர், இக்கரைசல் 100 மில்லிலிட்டரில் 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 10 மில்லிலிட்டரை விடலாம். கணக்குப்படி பிஎச் ஏறத்தாழ 0.2 மட்டுமே குறையும். அதே அமிலத்தை 100 மில்லிலிட்டர் வெறும் நீரில் விட்டால் பிஎச் 2 அருகே சரிந்துவிடும்.