போதைப் பழக்கத்துடன் ஏ.டி.எச்.டி.யும் இருக்கிறதா? மருத்துவரிடம் செல்லுமுன் குடும்பத்தார் செய்ய வேண்டியவை

போதை மீட்புச் சிகிச்சையில் சேர்ந்து, சில மாதங்களில் மறுபடியும் குடிக்கத் தொடங்கி, மறுபடியும் சேர்க்கப்படும் ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், அவருக்கு மனவுறுதி இல்லை என்று முடிவுகட்டுவதற்கு முன் ஒன்றை யோசித்துப் பாருங்கள்: முதல் மிடறு குடிப்பதற்கு முன்பு, பத்து வயதில், அவர் எப்படி இருந்தார்? ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு மிகைச்செயல்பாட்டுக் குறைபாடு பெரியவர்களில் நூற்றுக்கு இரண்டு அல்லது மூன்று பேரிடம் காணப்படுகிறது. போதைச் சிகிச்சைக்கு வருவோரிடம் இது ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இருப்பதாகப் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆனால் அவர்களில் பலருக்கு அது கண்டறியப்படாமலேயே சிகிச்சை நடக்கிறது.

இவ்விரண்டையும் இணைப்பது ஒழுக்கக்கேடு அன்று. கவனத்தையும் பொறுமையையும் நெறிப்படுத்தும் டோபமைன், நார்அட்ரினலின் ஆகிய மூளை வேதிப்பொருள்களின் செயல்பாடு இவர்களிடம் வேறுபடுவதால், காத்திருந்து பெறும் பலனைவிட உடனே கிடைப்பதே பெரிதாக இழுக்கிறது. நிக்கோட்டின் சற்று நேரம் கவனத்தைக் கூட்டுகிறது. மதுவும் கஞ்சாவும் ஓயாத மனத்தை அடக்குவதாகத் தோன்றுகின்றன. அதனால்தான் பலர், "குடித்தால்தான் தலைக்குள் அமைதியாக இருக்கிறது" என்கிறார்கள். அந்தச் சொல்லைச் சாக்கு என்று தள்ளிவிடாமல், அப்படியே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

முதலில் ஒரு எச்சரிக்கை. நாள்தோறும் அதிகம் குடிப்பவரை வீட்டிலேயே திடீரென நிறுத்தச் செய்யாதீர்கள். அடுத்த மூன்று நான்கு நாள்களுக்குள் வலிப்போ, உயிருக்கே ஆபத்தான மனக்குழப்பமோ வரக்கூடும். நிறுத்துவது மருத்துவக் கண்காணிப்பில்தான் நடக்க வேண்டும்.

அடுத்ததாக ஒரு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உங்களால் மட்டுமே செய்ய முடிந்த வேலை இதுதான், ஆகவே இதற்கு நேரம் ஒதுக்குங்கள். குடியை நிறுத்திய முதல் சில வாரங்களில் தூக்கமின்மை, எரிச்சல், கவனச் சிதறல் ஆகியவை யாருக்கும் வரும் என்பதால், இன்றைய நிலையை மட்டும் பார்த்து, இது குடியை விட்டதன் விளைவா, ஏ.டி.எச்.டி.யா என்று எந்த மருத்துவராலும் பிரித்தறிய இயலாது. ஏ.டி.எச்.டி. என்று சொல்வதற்கு அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தென்பட்டிருக்க வேண்டும். அந்த வயதை நினைவில் வைத்திருப்பவர் அம்மாவாகவோ, அக்காவாகவோ, பழைய ஆசிரியராகவோதான் இருப்பார். பக்கத்தின் ஒருபுறம் வகுப்பு வாரியாக நடந்தவற்றை எழுதுங்கள்: பென்சிலும் டிபன் பாக்ஸும் தொலையாத வாரம் இருந்ததா, வீட்டுப்பாடத்தை உட்கார்ந்து முடித்தாரா, கேள்வி முடியுமுன் பதில் சொன்னாரா, வகுப்புக்கு வெளியே எத்தனை முறை நிறுத்தப்பட்டார் என்று. பழைய மதிப்பெண் அட்டையில் "கெட்டிக்காரன், ஆனால் கவனம் போதாது" என்பதுபோல் ஆசிரியர் எழுதியிருந்தால் அதையும் எடுத்துச் செல்லுங்கள். மறுபுறம் முதல் பீடி, முதல் புகையிலை, முதல் மது ஆகியவை எந்த வயதில் வந்தன என்பதையும், போதையின்றி இருந்த மாதங்களில் மறதியும் அவசரமும் நீடித்தனவா என்பதையும் குறியுங்கள். பெண்களிடம் ஓட்டமும் துள்ளலும் இல்லாமல், கனவில் இருப்பதுபோன்ற அமைதியாக மட்டுமே இது வெளிப்படலாம். அவர்களைத்தான் நாம் அதிகம் தவறவிடுகிறோம்.

அந்த நோட்டுடன் மனநல மருத்துவரைப் பாருங்கள். சேர்த்திருக்கும் மையத்தில் மனநல மருத்துவர் இல்லையென்றால், வெளியே அழைத்துச் செல்ல வழி கேளுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் ஆறு கேள்விகள் கொண்ட படிவம் ஒரு தொடக்கச் சோதனைதான். அதில் வரும் மதிப்பெண்ணை நோய் முடிவாகக் கொள்ள வேண்டாம். "குடியை முழுவதும் விட்ட பிறகு இதைப் பார்க்கலாம்" என்று சொல்லப்பட்டால், இரண்டுக்கும் சேர்த்துச் சிகிச்சை தொடங்க முடியுமா என்று மரியாதையுடன் கேளுங்கள். போதைப் பழக்கம் உள்ளவர்களிடம் ஏ.டி.எச்.டி.யைக் கூடிய விரைவில் கண்டறிந்து, இரண்டையும் ஒருங்கே கவனிக்க வேண்டும் என்றே 2018இல் வெளியான பன்னாட்டு வல்லுநர்களின் ஒருமித்த அறிக்கை சொல்கிறது.

மருந்தைப் பற்றிய அச்சம் நியாயமானதே. ஏ.டி.எச்.டி.க்குத் தரப்படும் மெத்தில்பெனிடேட் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் உள்ள தூண்டுமருந்து என்பதால், அது மருத்துவச் சீட்டின்றிக் கிடைக்காது. ஆனால் சிறுவயதில் முறையாக இதை உட்கொண்டவர்கள் அதனால் பின்னாளில் போதைக்கு அடிமையாகும் வாய்ப்பு கூடுவதாக நீண்டகால ஆய்வுகள் காட்டவில்லை. தவறாகப் பயன்படுத்தும் ஆபத்து இருப்பவர்களுக்கு மெதுவாகக் கரையும் வகையோ, பழக்கத்துக்கு அடிமையாக்காத அடோமாக்செடின் என்ற வேறு மருந்தோ தரப்படுவதுண்டு. அடோமாக்செடினின் முழுப் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும் என்பதால், ஒரு வாரத்தில் மாற்றமில்லை என்று நிறுத்திவிடாதீர்கள். மாத்திரைகள் வீட்டில் ஒருவர் பொறுப்பில் இருக்கட்டும்; ஒவ்வொரு நாளுக்குரியது மட்டும் சிகிச்சை பெறுபவர் கைக்குப் போகட்டும்.

சிகிச்சைக்கு இடையில் விட்டுப்போவது இவர்களிடம் அதிகம். இரண்டு மணி நேரக் குழுக் கூட்டத்தில் அசையாமல் உட்காரச் சொன்னால் எழுந்து போய்விடுவார். நடுவில் சிறு இடைவேளை கேட்டு வாங்குங்கள். அடுத்த சந்திப்பின் தேதியை மருத்துவமனையிலேயே அவரது கைபேசியில் பதியச் செய்து, முந்தைய நாள் மாலையில் குற்றம் சாட்டாத குரலில் ஒருமுறை நினைவூட்டுங்கள். எங்கு தொடங்குவது என்றே தெரியாவிட்டால், அரசின் டெலி மானஸ் என்ற மனநலத் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் இலவசமாக அழைத்து, எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.