சின்ன அடுப்புக்கு அளவு விறகு: அறுப்பதும் காயவைப்பதும் கட்டுவதும்

மானாமதுரைப் பக்கம் எங்கள் களத்தில் தினமும் சீமைக்கருவேல விறகுதான். முன்பெல்லாம் டீக்கடைக்கும் கல்யாணச் சமையலுக்கும் லோடு இறக்கினால் வேலை முடிந்தது. இப்போது பக்கவாட்டில் வாய் வைத்த சின்ன இரும்பு அடுப்பு, அதாவது ராக்கெட் அடுப்பு என்கிறார்களே, அது வைத்திருக்கும் வீடுகளிலிருந்து கேட்கிறார்கள். இது வேறு வேலை.

ஆரம்பத்தில் எனக்கு அது புரியவில்லை. மண் அடுப்புக்குப் போடும் ஒன்றரை அடி விறகையே ஓர் அப்பத்தாவுக்கும் கொடுத்துவிட்டேன். மூன்றாம் நாள் கூப்பிட்டு அனுப்பினார். போய்ப் பார்த்தால், விறகின் வால் வெளியே கனத்துத் தொங்க, தலை மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது. கங்கு வாசலில் உதிர்கிறது. அறுத்த முனையில் நுரை கொப்பளித்து உஸ்ஸென்று சத்தம். "ஏய்யா, இது விறகா வாழத்தண்டா?" என்றார். கண் இரண்டும் சிவந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. அத்தனையையும் திருப்பி எடுத்து வந்தேன்.

அன்றிலிருந்து அடுப்பைப் பார்க்காமல் விறகு அறுப்பதில்லை. ஒரு குச்சியை அடுப்பு வாய்க்குள் பின்சுவரில் முட்டும்வரை விட்டு, வாசலில் கத்தியால் கீறிக்கொள்ளுங்கள். அந்த நீளத்தோடு அரைச் சாண் சேர்த்தால் போதும். பெரும்பாலும் 10 முதல் 12 அங்குலத்துக்குள் அடங்கும். கனம் கட்டைவிரல் அளவு, மிஞ்சினால் ஒன்றரை அங்குலம். நாலு அங்குல வாயில் மூன்று நான்கு குச்சி அருகருகே படுத்து, காற்று போக அடியில் சந்தும் இருக்க வேண்டும். ஒரே தடிக் கட்டையைத் திணித்தால் புகைதான் வரும். மின்விசிறி வைத்து மேலிருந்து பற்றவைக்கும் அடுப்பு என்றால் குச்சியே ஆகாது, இரண்டங்குலச் சில்லாக நறுக்கித் தர வேண்டும்.

மரம் வாங்கும்போது பட்டா நிலத்து மரமா என்று கேளுங்கள். கண்மாய்க்குள் நிற்பதை ஏலம் எடுத்தவர்தான் வெட்டலாம். கருவேலம், சவுக்கு, புளி எல்லாம் கங்கு நின்று எரியும். முருங்கையும் இலவமும் பொசுக்கென்று போய்விடும். அரளிக் குச்சி ஒன்றுகூடக் கலக்கக் கூடாது, அதன் புகையே விஷம். பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட் துண்டையும் சமையல் அடுப்புக்குக் கொடுக்காதீர்கள்.

முதலில் நீளத்துக்கு அறுத்துவிட்டு, பச்சையாக இருக்கும்போதே பிளந்துவிடுங்கள். கருவேலம் காய்ந்தபின் கோடாரிக்கு மசியாது. முள்ளை முழுக்கச் சீவுங்கள். ரப்பர் செருப்பைத் துளைத்து உள்ளே ஏறும் முள் அது, விறகை எடுக்கிற கை அதன்மேல் படக் கூடாது.

காயவைப்பதில்தான் இந்தத் தொழிலின் நாணயமே இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரத் தேவையான சூட்டைப்போல ஏழு மடங்குக்கு மேல் வேண்டும், அதை முழுக்க ஆவியாக்க. ஈர விறகு தன் சூட்டைத் தன் தண்ணீருக்கே செலவழிக்கிறது. சோறு எங்கே வேகும்?

இரண்டு கம்பைத் தரையில் போட்டு, அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாக அடுக்குங்கள். சுவரை ஒட்டினால் கறையான் ஏறும். தார்ப்பாயால் தலையை மட்டும் மூடுங்கள். நாலு பக்கமும் இழுத்து மூடினால் உள்ளேயே வேர்த்துப் பூசணம் பிடிக்கும்.

காய்ந்ததா என்று பார்க்க நான் ஒரு கட்டுக்குச் சிவப்புத் துணி கட்டி அடுக்கின் நடுவில் வைத்துவிடுவேன். அடுக்கும்போது 7 கிலோ இருந்த கட்டு, எடை குறைந்து குறைந்து 5 கிலோவில் வந்து நிற்கும். போன வாரத்து எடையும் இந்த வார எடையும் ஒன்றாக இருந்தால்தான் விற்பனைக்கு எடுப்பேன். ஒரே கட்டிலிருந்து 2 கிலோ தண்ணீர் போயிருக்கிறது, பாருங்கள். இரண்டு குச்சியைத் தட்டினால் 'டங்'கென்று கேட்கும், முனையில் வெடிப்பு ஓடியிருக்கும். பங்குனி, சித்திரை வெயிலில் பிளந்த குச்சி ஒன்றரை மாதத்தில் இந்தப் பதத்துக்கு வரும். மழைக்கால விறகை ஆடிக்குள் காயவைத்து முடித்துவிடுங்கள். ஐப்பசியில் அடுக்கியது காயாது.

நிறுத்து விற்காதீர்கள். எடைக்கு விற்றால் ஈரம் விற்பவனுக்கு லாபம், அந்த ஆசை யாருக்கும் வரும். நான் 8 அங்குல இரும்பு வளையத்துக்குள் குச்சிகளை இறுக்கி நிரப்பி, சணல் கயிற்றால் இரண்டு இடத்தில் கட்டுகிறேன். வளையம் நிறைந்தால் ஒரு கட்டு, எல்லோருக்கும் ஒரே விலை. ஒவ்வொரு கட்டின் நடுவிலும் ஒரு பிடி மெல்லிய சிராயும் காய்ந்த தென்னம்பாளைத் துண்டும் செருகிவிடுவேன், பற்றவைக்க மண்ணெண்ணெய் தேட வேண்டியதில்லை.

அப்பத்தாவுக்கு இப்போது மாதம் எட்டுக் கட்டு போகிறது. இறக்கும்போது ஒரு குச்சியை உருவி, அடுப்புத் திண்ணையில் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் காசு எடுப்பார்.