கப்பலில் முறிந்த மணிக்கட்டும் 14 மாதக் காத்திருப்பும்

சரக்குக் கப்பலொன்றில், கப்பலைத் துறைமேடையோடு கட்டும் ரோப் அறுந்து அடித்ததில் என் வலது மணிக்கட்டு முறிந்தது. இழப்பீடு 3 மாதங்களில் கைக்கு வந்துவிடும் என்றே நம்பினேன். 14 மாதங்கள் ஆயின.

தாமதத்திற்கு முதற்காரணம் உடம்புதான். எலும்பு கூடி, பிசியோதெரபி முடிந்து, இதற்கு மேல் தேறாது என்று மருத்துவர் எழுதித் தரும்வரை ஊனத்தின் விழுக்காட்டைக் கணிக்க இயலாது. அது தெரியாமல் தொகையும் முடிவாகாது. எனக்கு அதற்கே 9 மாதங்கள் சென்றன. இடையில், 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை உறுதிசெய்யும் குறைந்தபட்ச 16 வாரச் சம்பளமும் முடிந்துவிட்டதால், என்னைக் கப்பல் வேலைக்கு அனுப்பிய ஏஜென்சி முன்வைத்த சொற்பத் தொகைக்குக் கையெழுத்திட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

கைகொடுத்தது கைப்பேசியில் இருந்த ஒரு படம். கப்பலின் மெஸ் அருகே ஒட்டியிருந்த நிதிப் பாதுகாப்புச் சான்றிதழை (இழப்பீட்டுக்குக் காப்பீடு இருப்பதைக் காட்டும் தாள்) ஏதோ எண்ணத்தில் முன்பே படமெடுத்திருந்தேன். அதில் காப்பீட்டாளரின் பெயரும் முகவரியும் இருந்தன. அந்த உடன்படிக்கையில் 2017 ஜனவரி முதல் நடப்பிலுள்ள திருத்தத்தின்படி, நீண்டகால ஊனத்தைக் கணிப்பது கடினமானால் இடைக்காலத் தொகை வழங்க வேண்டும் என்பதையும், ஒப்பந்தத் தொகையைவிடக் குறைவாகப் பெறும்படி நெருக்கக் கூடாது என்பதையும் சுட்டிக்காட்டி, விபத்து அறிக்கையின் நகலுடன் நேரடியாக அவர்களுக்கே எழுதினேன். ஐந்தாவது வாரத்தில் இடைக்காலத் தொகை வந்தது.

பின்னர், கம்பெனி மருத்துவரும் என் மருத்துவரும் வெவ்வேறு விழுக்காடு கூற, இருதரப்பும் ஏற்ற மூன்றாம் மருத்துவரிடம் சென்றது 3 மாதங்களைத் தின்றது. அவருடைய அறிக்கைக்குப் பின் மீதித் தொகை வந்துசேர 2 மாதங்கள்.