கல்லடியில் மீன் பாடுவதைக் கேட்க: ஒரு துடுப்பும் ஒரு காலர் மைக்கும்

நாங்கள் ஆறு என்று சொல்லும் வாவிக்குள்ளிருந்து பாட்டுப்போல் ஒலி எழுவதால், இலங்கையின் மட்டக்களப்பை மீன்பாடும் தேன்நாடு என்று எல்லோரும் சொல்கிறோம். ஆனால் பறுவ (பௌர்ணமி) இரவில் அந்த ஆற்றின் மேலுள்ள கல்லடிப் பாலத்தின் கைபிடியில் சாய்ந்து நின்று, "ஒன்றும் கேட்கவில்லையே" என்று வீடு திரும்புகிறவர்கள்தான் அதிகம். நிற்கிற இடம் பிழை. தண்ணீருக்குள் பிறக்கும் ஒலியில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்குதான் நீர்மட்டத்தைத் தாண்டிக் காற்றுக்கு வரும். மிச்சமெல்லாம் ஆற்றுக்குள்ளேயே தெறித்துப் போய்விடும். காதையும் ஆற்றையும் சேர்த்துவைக்க நடுவில் ஒரு மரம் வேண்டும். 1848 செப்டெம்பரில் இங்கே தோணியில் போன பிரித்தானிய அதிகாரி எமேசன் டெனன்ட், படகின் பலகையில் காதை வைத்ததும் ஒலி பெருகியது என்று எழுதிவைத்திருக்கிறார். இன்றும் வழி அதுதான்.

முதலில் வீட்டில் காதைப் பழக்குங்கள்

எதைக் கேட்கப் போகிறோம் என்று தெரியாமல் போனால், கேட்டாலும் பிடிபடாது. மெல்லிய கண்ணாடிக் கிளாஸ் ஒன்றில் பாதிக்குத் தண்ணீர் விடுங்கள். விரலைக் கழுவி, ஈரத்தோடு விளிம்பில் மெதுவாகச் சுற்றுங்கள். விரலில் எண்ணெய்ப் பசை இருந்தால் வழுக்கிக்கொண்டு போகும், ஒலி வராது. ஈரம் காய்ந்தால் கிறீச்சிடும். சரியாக வந்தால் நீண்டு, மெல்லியதாய், எங்கிருந்து வருகிறதென்று தெரியாத ஒரு நாதம் எழும். டெனன்டும் இதைத்தான் உவமையாகச் சொன்னார். அப்படிப் பல நாதங்கள், ஒன்று உயர்ந்தும் ஒன்று தாழ்ந்தும், ஒரே நேரத்தில் எழுவதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

நாளும் நேரமும்

சித்திரை முதல் புரட்டாதி வரை, மழையில்லாத மாதங்கள். பறுவத்துக்கு முன்னும் பின்னுமாக இரண்டு மூன்று இரவுகள். பகலில் கச்சான் காற்று வீசினால் ஆறு அலைந்துகொண்டேயிருக்கும். அது அடங்கி, இரவு பத்து மணி தாண்டிய பிறகு போங்கள். மாரியில் முயல வேண்டாம். வெள்ளம் வந்து முகத்துவாரம் திறந்துவிட்டால் ஓட்டத்தின் இரைச்சல்தான் கேட்கும்.

தோணியில்

இந்த ஆற்றை அறிந்த மீன்பிடிகார அண்ணன் ஒருவரோடு போங்கள். கூலியை முன்கூட்டியே பேசிவிடுங்கள். வலை போட்டிருக்கும் இடங்கள் அவருக்குத் தெரியும். எல்லோருக்கும் உயிர்காப்பு அங்கி கட்டாயம். ஆற்றில் முதலை உண்டு, கையைத் தண்ணீரில் தொங்கவிட வேண்டாம்.

1924இல் கட்டிய பழைய பாலத்துக்கு அருகில்தான் எல்லோரும் போவார்கள். பக்கத்தில் 2013இல் திறந்த புதிய பாலத்தில் வாகனம் ஓடும்போது அதிர்வு தூண் வழியாக நீருக்குள் இறங்கும். ஆகவே தூண்களை விட்டு நன்றாக விலகி, நங்கூரக் கல்லை இறக்கி, ஐந்து நிமிடம் அசையாமல் இருங்கள். இயந்திரம் போட்ட படகு வேண்டாம்.

இனித் துடுப்பு. ஒரே மரத்தில் செய்தது நல்லது. பொருத்துள்ள துடுப்பு பொருத்தடியில் ஒலியை விழுங்கும். அகன்ற பக்கத்தை நீருக்குள் முழுதாக இறக்கி, பிடியின் நுனியைக் காதுக்கு முன்னால் உள்ள சிறு குருத்தெலும்பின் மேல் வைத்து, காதுத் துளை மூடும்படி அழுத்துங்கள். மற்றக் காதை விரலால் பொத்துங்கள். துடுப்பு தோணி விளிம்பில் முட்டக்கூடாது. முட்டினால் அலை பலகையில் அறையும் சத்தம் பாட்டை மூடிவிடும். ஒன்றுமே இல்லையென்றால் ஐம்பது மீற்றர் தள்ளிப் போய் மறுபடியும் வைத்துப் பாருங்கள். இடத்துக்கு இடம் ஒலி மாறும்.

கடுகு பொரிவதுபோல் ஒரு சடசடப்புக் கேட்டால் அதைப் பாட்டென்று எண்ண வேண்டாம். கொடுக்கைச் சொடுக்கும் சிறு இறால் வகையின் வேலை அது. டெனன்டிடம் அன்றைய மீனவர்கள், பாடுவது மீனல்ல, ஊரி (ஓட்டுக்குள் வாழும் சிறு நத்தை) என்று சொல்லிச் சிப்பிகளையே பொறுக்கிக் கொடுத்தார்கள். மீனா ஊரியா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. அதனாலேயே உங்கள் பதிவுக்கும் மதிப்பு உண்டு.

பதிவு செய்ய

துடுப்பில் கேட்டுப் பழகிய பிறகே இதற்கு வாருங்கள். போனில் வேலை செய்யும் காலர் மைக் ஒன்று எடுங்கள். அதன் செருகியில் மூன்று கறுப்பு வளையம் இருக்க வேண்டும். இரண்டு வளையம் உள்ளது கமராவுக்கானது, போனில் எடுக்காது. மைக்கை ஒரு பலூனுக்குள் விட்டு, காற்றைப் பிதுக்கி வெளியேற்றி, வாயை நூலால் வயரோடு சேர்த்து இறுக்கிக் கட்டுங்கள். அதன்மேல் இரண்டாவது பலூன். காற்று மிஞ்சினால் பலூன் மிதக்கும், ஒலியும் மங்கும். கட்டு தளர்ந்தால் ஒரு துளி நீரே மைக்கை முடித்துவிடும். போவதற்கு முன் வாளித் தண்ணீரில் பத்து நிமிடம் இறக்கி, வாளியின் வெளிப்புறத்தைத் தட்டிப் பாருங்கள்.

தூண்டிலுக்குப் போடும் ஈயக்குண்டு 50 கிராம் எடுத்து, மைக்குக்கு 30 சென்றிமீற்றர் கீழே தொங்கும்படி கட்டுங்கள். ஒன்று அல்லது ஒன்றரை மீற்றர் ஆழம் போதும். குண்டு சேற்றில் தட்டினால் உயர்த்துங்கள். வயரைக் கையில் பிடித்தால் விரல் அசைவெல்லாம் பதியும். கைக்குட்டையை மடித்துத் தோணி விளிம்பில் வைத்து, அதன்மேல் வயரைக் கிடத்துங்கள். போனை விமான நிலையில் போட்டு, வேவ் (WAV) கோப்பு வடிவில், தானாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் வசதியை நிறுத்தி, தொடர்ந்து இருபது நிமிடம் பதியுங்கள். தொடக்கத்திலேயே திகதி, நேரம், இடம், ஆழம் நான்கையும் வாயால் சொல்லிவிடுங்கள்.

வீட்டில் ஹெட்போனில் கேட்கும்போது, இரைச்சல் நீக்கும் மென்பொருளைத் தொடாதீர்கள். ஒரே சீராக நீளும் நாதத்தை அது இரைச்சல் என்று எடுத்து அழித்துவிடும். 150 ஹேர்ட்சுக்குக் கீழே உள்ள உறுமலை மட்டும் வெட்டி, மூலப் பதிவை அப்படியே வேறாக வைத்துக்கொள்ளுங்கள்.