எச்.ஐ.வி. மாத்திரை பற்றி சாட்பாட் சொல்கிறதா? இப்படிச் சோதித்துப் பாருங்கள்

"மாத்திரை போட மறந்து ஆறு மணி நேரம் ஆகிவிட்டது. இப்போது போடலாமா?"

ராத்திரி பதினொரு மணிக்கு இதை யாரிடம் கேட்பது? டாக்டரைக் கூப்பிடத் தயக்கம். வீட்டில் யாருக்கும் விஷயம் தெரியாது. கை தானாக ஏ.ஐ. சாட்பாட்டைத் திறக்கிறது. அதைத் தப்பென்று நான் சொல்ல மாட்டேன். முகம் காட்டாமல் கேட்க முடிவதே எச்.ஐ.வி. விஷயத்தில் பெரிய ஆறுதல். ஆனால் வரும் பதிலை எடைபோடவும் தெரிய வேண்டும். சாட்பாட் பதிலில் அப்பட்டமான தப்பு இருந்தால் எங்காவது உறுத்தும். விட்டுப்போன பாதி கண்ணிலேயே படாது. நாம் பிடிக்க வேண்டியது அந்தப் பாதியைத்தான்.

படி 1: டப்பாவைத் திருப்பி மருந்துப் பெயரைப் படியுங்கள்

"எச்.ஐ.வி. மாத்திரை" என்று மட்டும் கேட்டால் பொத்தாம்பொதுவான பதில்தான் வரும். பெரும்பாலும் ஒரே மாத்திரைக்குள் இரண்டு மூன்று மருந்துகள் இருக்கும். உலகில் பரவலாகத் தரப்படும் கூட்டு ஒன்று: டெனோஃபோவிர் 300 மி.கி., லாமிவுடின் 300 மி.கி., டோலுடெக்ராவிர் 50 மி.கி. பெயர் மாறினால் விதியும் மாறும். ரில்பிவிரினைச் சாப்பாட்டோடு போட வேண்டும். எஃபாவிரென்ஸை வெறும் வயிற்றில், படுக்கப் போகும்போது போடச் சொல்வார்கள். டோலுடெக்ராவிரைச் சாப்பிட்டும் போடலாம், சாப்பிடாமலும் போடலாம். ஆகவே கேள்வியில் மருந்துப் பெயர், அளவு, கூடவே எடுக்கும் மற்ற மாத்திரைகள், சத்து மாத்திரைகள் எல்லாம் இருக்கட்டும்.

உங்கள் பெயர், போன் நம்பர், ரிப்போர்ட் படம் இவை எதுவும் வேண்டாம். மருந்தைப் பற்றிக் கேட்க அவை தேவையே இல்லை.

படி 2: விடை தெரிந்த கேள்வியை முதலில் கேளுங்கள்

புதிதாக வந்த ஆளுக்குச் சின்ன வேலை கொடுத்துப் பார்ப்பதில்லையா, அது மாதிரிதான். நான் கேட்பது இது: "டோலுடெக்ராவிர் 50 மி.கி. தினம் ஒன்று போடுகிறேன். கால்சியம் மாத்திரையும் எடுக்கலாமா?"

இதற்கு முழுமையான பதிலில் மூன்று விஷயங்கள் இருக்க வேண்டும். ஒன்று, கால்சியமும் இரும்பும் குடலில் இந்த மருந்தோடு ஒட்டிக்கொண்டு, அது உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். வெறும் வயிற்றில் என்றால், அவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போதான் டோலுடெக்ராவிர் போட வேண்டும். இரண்டு, சாப்பாட்டோடு என்றால் இரண்டையும் ஒன்றாகவே போடலாம். மூன்று, அலுமினியம், மெக்னீசியம் கலந்த ஆன்டாசிட்டுக்கு (வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மருந்து) இந்தச் சலுகை கிடையாது. சாப்பிட்டிருந்தாலும் அதே 2 மணி, 6 மணி இடைவெளி வேண்டும்.

"இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள்" என்று சாட்பாட் முடித்துக்கொண்டால் கவனியுங்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் அதை நம்பி ஒருவர் காலை வெறும் வயிற்றில் எட்டு மணிக்குக் கால்சியமும் பத்து மணிக்கு டோலுடெக்ராவிரும் தினமும் போட்டால், மருந்து போதிய அளவு ரத்தத்தில் சேராது. வரிசை தலைகீழாக இருந்தால் பிரச்சினை இல்லை. முன்பா பின்பா என்ற ஒரு சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது.

இன்னும் இரண்டு கேள்விகள் வைத்துக்கொள்ளலாம், அவற்றின் விடைகள் இவை. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவருக்கு டோலுடெக்ராவிர் 50 மி.கி. வழக்கமாக ஒரு நாளைக்கு இரண்டு முறை தேவைப்படும். டோலுடெக்ராவிரோடு சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் எடுப்பவருக்கு அதன் அளவை நாளுக்கு 1000 மி.கி.க்குள் வைக்கச் சொல்வது வழக்கம்.

படி 3: "தடுப்பு மருந்து" என்ற சொல்லில் ஜாக்கிரதை

தமிழில் கேட்பவர்களுக்கு இருக்கும் சிக்கல் இது. தடுப்பூசி, ஆபத்துக்கு முன் எடுக்கும் பிரெப், ஆபத்து நேர்ந்த பின் எடுக்கும் பெப், மூன்றையுமே நாம் "தடுப்பு மருந்து" என்கிறோம். ஆணுறை கிழிந்த மறுநாள் ஒருவர், "எச்.ஐ.வி.க்குத் தடுப்பு மருந்து உண்டா?" என்று கேட்கிறார். "இதுவரை தடுப்பூசி இல்லை" என்று பதில் வருகிறது. அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஆனால் அவருக்குத் தேவை பெப்: 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு சீக்கிரம் தொடங்கி, 28 நாள் எடுக்க வேண்டும். இது தெரியாமல் அவர் போனை வைத்துவிட்டுத் தூங்கப் போய்விடுவார். எனவே என்ன நடந்தது, எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று எழுதிக் கேளுங்கள். பெப் என்ற சொல்லே வராத பதிலைத் தூக்கிப் போட்டுவிட்டு நேராக மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

படி 4: அதே கேள்வியைத் திருப்பிப் போடுங்கள்

சாட்பாட்டுக்கு ஆமாம் போடும் பழக்கம் உண்டு. புது உரையாடல் ஒன்றில், "வைரல் லோடு (ரத்தத்தில் வைரஸின் அளவு) டெஸ்டில் தெரியாத அளவுக்கு வந்துவிட்டது, இனி மருந்தை நிறுத்தலாம்தானே?" என்று கேளுங்கள். இன்னொன்றில், "நிறுத்தக் கூடாதுதானே?" என்று கேளுங்கள். இரண்டுக்கும் தலையாட்டினால் அந்தச் சாட்பாட்டின் தரம் தெரிந்துவிடும். வைரஸ் சில செல்களில் ஒளிந்தே இருக்கும், மருந்து நின்றால் திரும்பக் கிளம்பும். நல்ல பதில் இன்னொன்றையும் கேட்கும்: ஹெபடைடிஸ் பி (கல்லீரலைத் தாக்கும் வைரஸ் நோய்) உண்டா? டெனோஃபோவிரும் லாமிவுடினும் அதையும் அடக்கி வைத்திருப்பவை. திடீரென நிறுத்தினால் கல்லீரல் பாதிப்பு சட்டென்று தீவிரமாகலாம்.

படி 5: எந்த ஆண்டுப் பதில்?

2018இல் போட்ஸ்வானா ஆய்வு ஒன்றை வைத்து, கருத்தரிக்கும் நேரத்தில் டோலுடெக்ராவிர் எடுத்தால் குழந்தைக்குக் குறை வருமோ என்ற அச்சம் எழுந்தது. கூடுதல் தரவு வந்தபின் 2019இல் உலக சுகாதார நிறுவனம், கருத்தரிக்கும் வாய்ப்புள்ள பெண்களுக்கும் சேர்த்தே இதை முதல் தேர்வாகப் பரிந்துரைத்தது. பழைய எச்சரிக்கைகள் இணையத்தில் அப்படியே கிடக்கின்றன, சாட்பாட் அவற்றையும் படித்துத்தான் வளர்ந்தது. இதேபோல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் லெனகாபவிர் ஊசி, தடுப்புக்காக அமெரிக்காவில் 2025 ஜூனில் அனுமதி பெற்றது. பிரெப் என்றால் தினசரி மாத்திரை மட்டுமே என்று சொல்லும் சாட்பாட்டின் அறிவு பழையது.

படி 6: டப்பாவுக்குள் இருக்கும் தாளோடு ஒப்பிடுங்கள்

ஆதாரம் கேட்டால் சாட்பாட் இணைப்பு தரும். திறந்து பாருங்கள், சில சமயம் அப்படி ஒரு பக்கமே இருக்காது. மருந்துகள் ஒன்றோடொன்று மோதுமா என்று பார்க்க லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் எச்.ஐ.வி. மருந்துத் தளம் இருக்கிறது, இலவசம்தான். அதையும் டப்பாவுக்குள் இருக்கும் தாளையும் பார்த்துவிட்டு, சந்தேகத்தை ஃபார்மசிஸ்டிடமோ டாக்டரிடமோ கேளுங்கள். அபகாவிர் என்ற எச்.ஐ.வி. மருந்தைத் தொடங்கிய சில வாரங்களில் காய்ச்சலும் தடிப்பும் வந்தால் இந்தப் படிகள் எதுவும் வேண்டாம், உடனே டாக்டரிடம் போங்கள்.

சரி, அந்தப் பதினொரு மணிக் கேள்வி. தினம் ஒருமுறை போடும் டோலுடெக்ராவிர் என்றால், அடுத்த வேளைக்கு 4 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் நினைவு வந்தவுடன் போடலாம். அதற்கும் குறைவாக இருந்தால் அதை விட்டுவிட்டு அடுத்த வேளையிலிருந்து தொடரலாம். இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது. வேறு மருந்துக்கு இந்தக் கணக்கு வேறு. அதனால் நல்ல சாட்பாட் பதில் சொல்லும் முன் உங்களைத் திருப்பிக் கேட்கும்: "எந்த மாத்திரை?"